மாறி யாருக்குச் சொந்தம்? கேஷ் பிளகினில் வரும் எல்லை வழுக்கள்

ஜாவாஸ்கிரிப்டில் ஒரு மாறியை எந்த இடத்தில் அறிவிக்கிறோம் என்பதே, அதை எந்தெந்த வரிகள் காணலாம், அது எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் ஆகிய இரண்டையும் தீர்மானிக்கிறது. இதைத்தான் மாறியின் எல்லை அல்லது ஸ்கோப் என்கிறோம். வழமையான இணையப் பக்கம் ஒன்றில் இந்த எல்லையைத் தவறாக வைத்தால், பெரும்பாலும் பக்கத்தை மீள ஏற்றியவுடன் அதன் விளைவு மறைந்துவிடும். பில்ட் கருவியொன்றின் கேஷ் பிளகினில், அதாவது ஒருமுறை கண்ட விடையைச் சேமித்து வைத்து மறுமுறை எடுத்துக் கொடுக்கும் துணை நிரலில், அதே தவறு நேர்ந்தால் நிலைமை வேறு. அங்கே பிழையான விடை வன்தட்டில் எழுதி வைக்கப்படுகிறது. கணினியை நிறுத்தி மறுநாள் இயக்கினாலும், பிழையான வரியைத் திருத்திய பின்னரும்கூட, அந்தப் பழைய விடையே சரியான விடை என்ற பெயரில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். நிரலாக்கம் பழகத் தொடங்கியவர்கள் இந்த வழுவில் நாட்கணக்காக அகப்பட்டுக்கொள்வது இதனால்தான்.

பில்ட் கருவி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். நாம் எழுதும் கோப்புகள் பல கோப்புறைகளில் பரந்து கிடக்கும். சிலவற்றை டைப்ஸ்கிரிப்டில் எழுதியிருப்போம், சிலவற்றில் உலாவிக்கு நேரடியாக விளங்காத எழுத்துமுறை இருக்கும். அவற்றை மாற்றி, ஒன்றுசேர்த்து, சுருக்கி, உலாவி ஏற்கக்கூடிய கோப்புகளாக்கும் வேலையை வெப்பேக், ரோலப், வீட் போன்ற கருவிகள், உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட்.ஜேஎஸ் சூழலில் செய்கின்றன. கருவியின் வேலைக்கு நடுவே நமது வேலை ஒன்றைச் செருக விரும்பினால் அதைப் பிளகினாக எழுத வேண்டும். கேஷ் பிளகின் செய்வது இதுதான்: ஒரு கோப்பு மாற்றத்துக்கு வரும்போது அதன் உள்ளடக்கத்திலிருந்து ஒரு சாவியை உருவாக்குகிறது, அந்தச் சாவியின் பெயரில் முன்னரே ஒரு விடை சேமிக்கப்பட்டிருந்தால் அதையே எடுத்துக் கொடுக்கிறது, இல்லாவிட்டால் மாற்றத்தைச் செய்து, விடையை அந்தச் சாவியின் கீழ் சேமித்துவிட்டுக் கொடுக்கிறது. சாவியை உருவாக்க எஸ்எச்ஏ-256 போன்ற ஹாஷ் முறையொன்று பயன்படும். எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் அது 64 பதினறும இலக்கங்கள் கொண்ட ஒரு சரத்தையே தரும். உள்ளடக்கத்தில் ஒரேயொரு காற்புள்ளி மாறினாலும் அந்தச் சரம் முற்றாக மாறிவிடும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும், பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகமும் இயங்குவதால், வன்னியில் கணினி படிக்கும் பிள்ளைகளின் தொகை கூடிவருகிறது. அவர்களில் பலர் பழகுவது இரண்டாம் கையாக வாங்கிய மடிக்கணினியில். இணைப்போ கைத்தொலைபேசியின் டேட்டா. இப்படியான கணினியில் ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் எல்லாக் கோப்புகளையும் முதலிலிருந்து மாற்றிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். ஆகவே கேஷ் இங்கே ஆடம்பரம் அன்று, தேவை. நம்பிக்கையோடு பயன்படுத்த வேண்டுமென்றால் அது பிழைக்கும் இடங்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

விளக்கத்துக்காக ஒரு சிறிய திட்டத்தை எடுத்துக்கொள்வோம். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரர் அமைப்பு ஒன்றுக்காக, சிறுபோகத்தில் எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் தண்ணீர் திறக்கப்படும் என்பதைக் காட்டும் இணையத்தளம் ஒன்றை நீங்கள் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் முகப்பு என்ற பெரிய கோப்பும், நீர், விதை என்ற சிறிய கோப்புகளும் உள்ளன. தளம் தமிழிலும் சிங்களத்திலும் வெளிவர வேண்டும். இத்திட்டத்துக்கு நீங்களே ஒரு கேஷ் பிளகினை எழுதுகிறீர்கள். இந்தத் தளத்தில் ஒரு கோப்பின் இடத்தில் இன்னொரு கோப்பின் உள்ளடக்கம் வந்தால், உருத்திரபுரத்திலோ முரசுமோட்டையிலோ உள்ள ஒருவர் தன் வாய்க்காலுக்குரிய நாளைத் தவறவிடக்கூடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மதிப்பு எவ்வளவு காலம் வாழ வேண்டும்

எல்லையைப் பற்றிப் பேசும் பாடங்கள் பெரும்பாலும் ‘இந்த மாறி எந்த வரிக்குத் தெரியும்’ என்ற கேள்வியோடு நின்றுவிடுகின்றன. கேஷ் பிளகின் எழுதுபவருக்கு அதைவிட முக்கியமானது, ‘இந்த மதிப்பு யாருக்குச் சொந்தம், அவர் போன பிறகும் இது இருக்கலாமா’ என்ற கேள்வி. பிளகின் ஒன்றில் மதிப்புகளுக்கு நான்கு வகை ஆயுள் உண்டு. சில மதிப்புகள் ஒரு கோப்புக்கு மட்டுமே உரியவை. அக்கோப்பின் மாற்றம் முடிந்ததும் அவற்றுக்கு வேலை இல்லை. சாவி அப்படிப்பட்டது. சில மதிப்புகள் ஒரு முழு பில்டுக்கு உரியவை. இந்த முறை எத்தனை கோப்புகள் கேஷிலிருந்து கிடைத்தன என்ற எண்ணிக்கை அதற்கு உதாரணம். இன்னும் சில, பிளகினைத் தருவித்த ஒவ்வொரு முறைக்கும் உரியவை. எந்த மொழி, எந்தக் கோப்புறை என்பன போன்ற தெரிவுகள் இதில் அடங்கும். எஞ்சியவை, நோட் இயங்கிக்கொண்டிருக்கும் காலம் முழுவதற்கும் எல்லோருக்கும் பொதுவானவை. எல்லை வழு என்று நாம் சொல்வதெல்லாம், இவற்றில் ஒரு வகைக்குரிய மதிப்பை இன்னொரு வகைக்குரிய இடத்தில் வைத்துவிடுவதுதான்.

இனி மொழியின் பக்கம். 1995 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கியபோது மாறியை அறிவிக்க வார் என்ற ஒரு சொல் மட்டுமே இருந்தது. வார் கொண்டு அறிவித்த மாறி, நடுவே உள்ள சுருள் அடைப்புக்குறிகளைப் பொருட்படுத்தாமல், தான் இருக்கும் ஃபங்ஷன் முழுவதற்கும் உரியதாகிவிடும். 2015 ஆம் ஆண்டின் நியமத்தில் லெட், கொன்ஸ்ட் ஆகியவை சேர்க்கப்பட்டன. இவற்றால் அறிவிக்கப்பட்ட மாறி, தான் பிறந்த சுருள் அடைப்புக்குறிக்குள்ளேயே அடங்கி நிற்கும். இந்த மூன்றுக்கும் அப்பால், எந்தச் சொல்லும் இல்லாமல் வெறுமனே மாறியின் பெயரை எழுதி ஒரு மதிப்பைக் கொடுத்துவிடுவதும் உண்டு. இப்படியானவற்றைப் பிழையெனத் தடுக்கும் ஸ்ட்ரிக்ட் முறை இல்லாத கோப்பில் ஜாவாஸ்கிரிப்ட் அதற்கு மறுப்புச் சொல்லாது. அந்தப் பெயரில் முழு நோட் புரொசஸுக்கும், அதாவது நோட்டின் அந்த ஓட்டம் முழுவதற்கும், பொதுவான ஒரு மாறியை அமைதியாக உருவாக்கிவிடும். மிகவும் பொல்லாத வழு இங்கேதான் தொடங்குகிறது.

லெட் என்ற ஒரு சொல் விடுபட்டால்

உங்கள் பிளகினின் மாற்றும் ஃபங்ஷன் நான்கு படிகளில் வேலை செய்கிறது என்போம். முதலில் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஹாஷைக் கணித்துச் சாவி என்ற மாறியில் வைக்கிறது. பிறகு அந்தச் சாவியின் பெயரில் விடை உண்டா என்று வன்தட்டில் தேடி, பதிலுக்காக அவெய்ட் கொண்டு காத்திருக்கிறது. இல்லாவிட்டால் மாற்றத்தைச் செய்வித்து, அதற்கும் காத்திருக்கிறது. கடைசியில், வந்த விடையைச் சாவியின் கீழ் எழுதுகிறது. முதற் படியில் சாவிக்கு முன்னால் லெட் அல்லது கொன்ஸ்ட் எழுத மறந்துவிட்டீர்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் ஒரு நேரத்தில் ஒரு வரியையே இயக்கும், ஆகவே இரண்டு கோப்புகள் ஒன்றோடொன்று மோத வாய்ப்பில்லை என்று பலர் நினைப்பதுண்டு. வரிகள் ஒவ்வொன்றாகத்தான் ஓடுகின்றன என்பது மெய். ஆனால் ஒவ்வொரு அவெய்ட்டிலும் அந்த ஃபங்ஷன் இடைநிறுத்தப்பட்டு, காத்திருக்கும் வேறு வேலைக்கு முறை கொடுக்கப்படுகிறது. பில்ட் கருவிகள் பல கோப்புகளை ஒரே வேளையில் தொடங்கிவிடும் இயல்புடையவை. ஆகவே ஒரு அவெய்ட்டுக்கு முன்னால் நீங்கள் பொதுவான மாறியொன்றில் வைத்த மதிப்பு, அந்த அவெய்ட்டுக்குப் பின்னாலும் அப்படியே இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

பரந்தனில் நெல் குத்தும் மில் ஒன்றை நினைத்துப் பாருங்கள். வாசலில் ஒரேயொரு சிலேட்டு தொங்குகிறது. மூட்டையை இயந்திரத்தில் கொட்டும்போது உரியவரின் பெயரை அதில் எழுதுகிறார்கள். நெல் அரிசியாகி மறுபக்கம் வருவதற்குள் அடுத்தவர் தன் மூட்டையோடு வந்துவிட, சிலேட்டை அழித்து அவருடைய பெயரை எழுதுகிறார்கள். முதலாமவரின் அரிசி வெளியே வரும்போது, மறுபக்கம் நிற்பவர் சிலேட்டைப் பார்த்து இரண்டாமவரின் பெயரைச் சாக்கில் எழுதிவிடுகிறார். இயந்திரத்திலும் குறையில்லை, ஆட்களிலும் குறையில்லை. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு துண்டு கட்டியிருக்க வேண்டிய இடத்தில் எல்லோருக்கும் ஒரு சிலேட்டை வைத்ததுதான் குறை.

பிளகினில் இது எப்படி நிகழ்கிறது என்பதை அணுகிப் பார்ப்போம். கேஷ் வெறுமையாக இருக்கிறது. முகப்பு முதலில் உள்ளே வருகிறது. சாவியில் முகப்பின் ஹாஷ் எழுதப்படுகிறது. தேடலுக்காக ஃபங்ஷன் காத்திருக்கிறது. அந்த இடைவெளியில் நீர் உள்ளே வருகிறது. அதே பொதுச் சாவியில் இப்போது நீரின் ஹாஷ் எழுதப்படுகிறது. நீர் சிறிய கோப்பு என்பதால் அதன் மாற்றம் விரைவாக முடிந்து, விடை நீரின் ஹாஷுக்குக் கீழ் சரியாகவே எழுதப்படுகிறது. பின்னர் முகப்பின் மாற்றம் முடிகிறது. அது எழுதப் போகும் நேரத்தில் சாவியில் இருப்பது நீரின் ஹாஷ். எனவே முகப்பின் விடை நீரின் இடத்தில் போய் அமர்ந்து, முன்னர் அங்கிருந்த சரியான விடையை அழித்துவிடுகிறது. முகப்பின் சொந்த இடமோ வெறுமையாகவே கிடக்கிறது.

இதில் உற்றுக் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. அந்த முதல் பில்டின் வெளியீடு முற்றிலும் சரியாக இருக்கும். ஏனென்றால் ஒவ்வொரு கோப்பும் தன் விடையை நேரடியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது. பிழைத்தது சேமித்த இடம் மட்டுமே. இரண்டாவது பில்டில்தான் நீரின் ஹாஷைக் கொண்டு தேடும்போது முகப்பின் உள்ளடக்கம் கிடைத்து, நீர் விநியோகப் பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் முகப்புப் பக்கம் தோன்றும். அத்தோடு, கடைசியாக முடிவது சிறிய கோப்பாக இருந்துவிட்டால் சரியான விடையே மேலே எழுதப்பட்டு வழு வெளியே தெரியாமலும் போகலாம். உங்கள் கணினியில் வருவது நண்பரின் வேகமான கணினியில் வராமல் போவதும், ‘என்னிடம் சரியாகத்தானே ஓடுகிறது’ என்று அவர் சொல்வதும் இதனாலேயே.

திருத்தம் மிகச் சிறியது: சாவிக்கு முன்னால் கொன்ஸ்ட் என்று எழுதினால் போதும். அப்போது மாற்றும் ஃபங்ஷன் அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும் புதிய சாவி ஒன்று பிறக்கும். முகப்பின் சாவியை நீரால் தொடவே முடியாது. இந்த மறதி மீண்டும் நேராமல் இருக்க, கோப்பின் தலைப்பில் ஸ்ட்ரிக்ட் முறையை அறிவிக்கலாம். 2009 இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு நியமத்திலிருந்து கிடைக்கும் இந்த முறையில், அறிவிக்காத மாறிக்கு மதிப்பு கொடுத்தால் அந்த இடத்திலேயே பிழைச் செய்தியோடு நிரல் நின்றுவிடும். இம்போர்ட், எக்ஸ்போர்ட் கொண்டு எழுதப்படும் புதிய வகை மொடியூல்கள், அதாவது நிரல் கோப்புகள், எப்போதும் ஸ்ட்ரிக்ட் முறையிலேயே இயங்குகின்றன. ரெக்வயர் பயன்படுத்தும் பழைய வகைக் கோப்புகளில்தான் நாமே அதை எழுத வேண்டும்.

தொடங்குபவர்கள் இந்த வழுவை எப்படி உருவாக்குகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாச் சந்தர்ப்பங்களிலும் அது மறதியால் வருவதில்லை. பிழை நேரக்கூடிய வரிகளைச் சுற்றி எழுதும் ட்ரை தொகுதிக்குள் லெட் கொண்டு ஒரு மாறியை அறிவித்துவிட்டு, தொகுதிக்கு வெளியே அதைப் பயன்படுத்தப் பார்க்கிறார்கள். லெட்டின் எல்லை அந்த அடைப்புக்குறியோடு முடிந்துவிட்டதால், மாறி அறிவிக்கப்படவில்லை என்ற செய்தி வருகிறது. செய்தியைப் போக்குவதற்காக லெட்டை அழித்துப் பார்க்கிறார்கள். செய்தி உடனே மறைந்துவிடுகிறது. உண்மையில் அவர்கள் செய்தது, ஒரு தொகுதிக்குரிய மாறியை முழுப் புரொசஸுக்கும் பொதுவாக்கியதே. சரியான வழி, ட்ரை தொகுதிக்கு மேலே, ஆனால் அதே ஃபங்ஷனுக்குள், லெட் கொண்டு மாறியை அறிவித்துவிட்டு, உள்ளே மதிப்பை மட்டும் கொடுப்பதாகும்.

மடக்கும் கோல்பேக்கும்

கேஷைத் தொடக்கத்திலேயே நிரப்பி வைப்பதற்காக, எல்லாக் கோப்புகளையும் ஃபோர் மடக்கில் ஒவ்வொன்றாக எடுத்து, வாசிப்பு முடிந்ததும் ஓட வேண்டிய கோல்பேக்கைக் கொடுக்கும் நிரல்களைப் பழைய பிளகின்களில் நிறையக் காணலாம். மடக்கின் எண்ணி வார் கொண்டு அறிவிக்கப்பட்டிருந்தால், முழு மடக்குக்கும் ஒரே ஒரு எண்ணிதான் உண்டு. கோல்பேக்குகள் ஓடத் தொடங்கும்போது மடக்கு ஏற்கெனவே முடிந்து, எண்ணி கடைசி இடத்தையும் தாண்டி நிற்கும். மூன்று கோப்புகள் இருந்தால் அவற்றின் இடங்கள் 0, 1, 2. எண்ணியோ 3 இல் நிற்கிறது. மூன்றாம் இடத்தில் கோப்பு எதுவும் இல்லாததால் ஒவ்வொரு கோல்பேக்குக்கும் கோப்பின் பெயராகக் கிடைப்பது அன்டிஃபைன்ட் என்ற வெறும் மதிப்பு. அதைச் சாவியாகப் பயன்படுத்தும்போது ஜாவாஸ்கிரிப்ட் அதை ஒரு சாதாரணச் சொல்லாக மாற்றிவிடுகிறது. கேஷ் கோப்புறையைத் திறந்து பார்த்து அன்டிஃபைன்ட் என்ற பெயரில் தனியே ஒரு கோப்பு இருப்பதைக் கண்டால், வேறெங்கும் தேட வேண்டாம். வழு இந்த மடக்கில்தான் இருக்கிறது. வாரை லெட்டாக மாற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் தனியான எண்ணி கிடைக்கும். மொழியின் நியமமே அப்படி வகுத்திருக்கிறது.

இதற்கு நேரெதிரான வழு, உள்ளே உள்ள மாறி வெளியே உள்ளதை மறைத்துவிடுவது. ‘சேமித்த விடை’ என்ற மாறியை மேலே வெறுமையாக அறிவித்துவிட்டு, கேஷில் விடை உண்டு என்ற நிபந்தனைக்குள் அதே பெயரை மறுபடியும் லெட் போட்டு எழுதினால், உள்ளே பிறப்பது வேறொரு மாறி. அடைப்புக்குறி மூடியதும் அது போய்விடும்; வெளியே உள்ளது வெறுமையாகவே இருக்கும். பிளகின் ஒவ்வொரு முறையும் விடை இல்லை என்று நினைத்து மாற்றத்தை மறுபடி செய்யும். வெளியீடு சரியாக இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. பில்ட் மெதுவாக ஓடுவதற்குப் பழைய மடிக்கணினியின் மேல் பழி போய்விடும். கேஷிலிருந்து எத்தனை கோப்புகள் கிடைத்தன என்பதை ஒவ்வொரு பில்டின் முடிவிலும் அச்சிடுமாறு பிளகினை எழுதிவைத்தால், பூச்சியம் என்ற எண்ணே உண்மையைச் சொல்லிவிடும்.

தமிழ்ப் பக்கத்தில் சிங்களம்

மாறியை லெட் கொண்டு ஒழுங்காக அறிவித்தும் வரும் வழு இது. நோட்டில் ஒரு கோப்பின் உச்சியில், எந்த ஃபங்ஷனுக்கும் வெளியே, அறிவிக்கும் மாறி அந்தக் கோப்புக்கு மட்டுமே தெரியும். அது பாதுகாப்பானது என்ற எண்ணம் இதனால் வருகிறது. ஆனால் நோட் ஒரு மொடியூலை ஒரு புரொசஸில் ஒரு முறைதான் இயக்கும். அதன் பிறகு யார் கேட்டாலும் முன்னர் இயக்கியதையே கொடுக்கும். எனவே உச்சியில் உள்ள மாறி, அந்தப் பிளகினைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பொதுவானது.

ரோலப், வீட் பிளகின்கள் பொதுவாக ஒரு ஃபங்ஷனாக எழுதப்படுகின்றன. தெரிவுகளைக் கொடுத்து அழைத்தால் அது பிளகின் பொருள் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும். நமது தளத்துக்காக அமைவுக் கோப்பில் அந்த ஃபங்ஷனை இரண்டு முறை அழைக்கிறோம்: ஒருமுறை தமிழ் என்ற தெரிவோடு, மறுமுறை சிங்களம் என்ற தெரிவோடு. பிளகினை எழுதியவர் தெரிவுகளை மொடியூலின் உச்சியில் உள்ள மாறியில் வைத்திருந்தால், முதல் அழைப்பு தமிழை எழுதும். இரண்டாவது அழைப்பு அதன் மேலேயே சிங்களத்தை எழுதும். இந்த இரண்டு அழைப்புகளும் பில்ட் தொடங்குவதற்கு முன்னரே, அமைவுக் கோப்பை வாசிக்கும்போதே முடிந்துவிடுகின்றன. ஆகவே பில்ட் தொடங்கும்போது இரண்டு பிளகின் பொருள்களுக்கும் தெரிவது சிங்களம் மட்டுமே. தமிழ்ப் பக்கங்கள் அனைத்தும் சிங்களத்தில் வெளிவரும். முன்னர் பார்த்த வழு சிலவேளை வந்து சிலவேளை மறையும். இது ஒவ்வொரு முறையும் தவறாமல் வரும் என்பதே இரண்டையும் பிரித்தறியும் அடையாளம்.

திருத்தம், தெரிவுகளை மொடியூலின் உச்சியிலிருந்து எடுத்து, அந்த ஃபங்ஷனுக்குள் கொன்ஸ்ட்டாக வைப்பது. ஃபங்ஷனுக்குள் பிறந்து வெளியே வரும் பிளகின் பொருள், தன்னோடு பிறந்த மாறிகளைத் தொடர்ந்து பற்றிக்கொண்டிருக்கும். இதைக் குளோஷர் என்பார்கள். தமிழ்ப் பொருள் தமிழ்த் தெரிவுகளையும், சிங்களப் பொருள் சிங்களத் தெரிவுகளையும் தனித்தனியே வைத்திருக்கும். வெப்பேக்கில் பிளகின் ஒரு கிளாஸாக எழுதப்படுவதால், அதே வேலையை ஒவ்வொரு பொருளுக்கும் உரிய புலம் ஒன்று செய்துவிடும்.

இதைத் திருத்தியவுடன் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. சாவி கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து மட்டும் உருவாக்கப்பட்டால், இரண்டு மொழிகளுக்கும் ஒரே சாவிதான் வரும். எது முதலில் மாற்றப்பட்டதோ அதன் விடை மற்றதற்கும் போய்விடும். பார்வைக்கு இது முந்தைய வழு போலவே இருந்தாலும் காரணம் மாறியின் எல்லையில் இல்லை, சாவியின் குறைவில் இருக்கிறது. விடையை மாற்றக்கூடிய ஒவ்வொன்றும், அதாவது உள்ளடக்கம், தெரிவுகள், பிளகினின் பதிப்பு எண் ஆகியவை, ஹாஷுக்குள் போக வேண்டும். அப்படிச் சாவி முழுமையாக இருக்குமானால், விடைகளை வைத்திருக்கும் மேப் பொருளை மொடியூலின் உச்சியில் எல்லோருக்கும் பொதுவாக வைப்பதில் எந்தத் தீங்கும் இல்லை. அதனால் நன்மையே உண்டு. பொது இடத்தில் எதையுமே வைக்கக் கூடாது என்று விதி சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. பொதுவானதைப் பொது இடத்தில் வைக்கலாம். ஒருவருக்குரியதை அங்கே வைப்பதுதான் தவறு.

கொன்ஸ்ட் போட்டால் மதிப்பு மாறாது என்ற நம்பிக்கையும் இவ்விடத்தில் ஏமாற்றும். கொன்ஸ்ட் தடுப்பது அந்தப் பெயருக்கு வேறொரு பொருளைக் கொடுப்பதை மட்டுமே. பொருளின் உள்ளே நடக்கும் மாற்றங்களை அது தடுக்காது. ஒரு நல்ல உதாரணம், கோப்பின் பெயர் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்காக மொடியூலின் உச்சியில் கொன்ஸ்ட்டாக வைக்கப்படும் ரெகுலர் எக்ஸ்பிரஷன். அதில் ஜி என்ற கொடியைச் சேர்த்திருந்தால், ஒருமுறை பொருந்திய பிறகு தேடல் எங்கே நின்றது என்பதை அந்தப் பொருளே தன்னுள் குறித்து வைத்துக்கொள்ளும்; அடுத்த பெயரைச் சோதிக்கும்போது அந்த இடத்திலிருந்துதான் தொடங்கும். இரண்டு பெயர்களும் ஒரே நீளமாக இருந்தால் இரண்டாவது பொருந்தாது என்று விடை வரும்; குறிப்பு பூச்சியத்துக்குத் திரும்பும்; மூன்றாவது மறுபடி பொருந்தும். ஒன்றுவிட்டு ஒரு கோப்பு கேஷுக்குள் போகாமல் விடுபடுவதைக் கண்டால் முதலில் அந்த ஜி எழுத்தைத் தேடி நீக்குங்கள். பெயர் பொருந்துகிறதா என்று மட்டும் பார்ப்பதற்கு அது தேவையே இல்லை.

கண்காணிப்பு முறையில், அதாவது கோப்பைச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கருவி தானாகவே மறுபடி பில்ட் செய்யும் முறையில், பிளகின் பொருள் பல பில்டுகளுக்கு உயிரோடு இருக்கும். ஒரு பில்டுக்குரிய எண்ணிக்கையைப் பிளகின் பொருளோடு வைத்துவிட்டால் அது குறையாமல் ஏறிக்கொண்டே போகும். ரோலப்பில் பில்ட் தொடங்கும்போது அழைக்கப்படும் பில்ட்ஸ்டார்ட் கொக்கியில் அதை வெறுமையாக்கலாம். வெப்பேக்கில் கம்பைலர் என்ற பொருள் முழு நேரமும் இருக்கும், கம்பைலேஷன் என்ற பொருள் ஒவ்வொரு பில்டுக்கும் புதிதாக வரும். ஆகவே கம்பைலேஷனைச் சாவியாகக் கொண்ட வீக்மேப் ஒன்றில் வைத்தால், பழைய பில்ட் போகும்போது அதற்குரிய மதிப்புகளும் தாமாகவே விடுவிக்கப்படும்.

வழுவைப் பிடிப்பது

வழு எந்த வகை என்று தெரியாமல் வரிகளை மாற்றத் தொடங்குவது வீண். முதலில் கேஷை அழித்துவிட்டு ஒரு பில்ட் செய்து, வெளியீட்டைத் தனிக் கோப்புறையில் எடுத்து வையுங்கள். எதையும் மாற்றாமல் இன்னொரு முறை பில்ட் செய்து, இரண்டு வெளியீடுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கேஷ் பிளகின் ஒன்று சரியாக இருந்தால் இரண்டுக்கும் ஓர் எழுத்து வித்தியாசம்கூட இருக்கக் கூடாது. முதலாவது சரியாகவும் இரண்டாவது பிழையாகவும் இருந்தால், தவறான சாவியின் கீழ் எழுதுகிறீர்கள் என்று பொருள். அடுத்து, கோப்புகளை ஒரு நேரத்தில் ஒன்றாக மட்டும் மாற்றும்படி தற்காலிகமாகக் கட்டுப்படுத்திப் பாருங்கள். அப்போது வழு மறைந்தால், அவெய்ட்டுக்கு இருபுறமும் பகிரப்படும் மாறி ஒன்று நிச்சயம் இருக்கிறது. வழு மறையாமல் நின்றால் மொடியூலின் உச்சியையும் சாவியின் உள்ளடக்கத்தையும் பாருங்கள்.

நேரத்தைச் சார்ந்த வழுவை வேண்டுமென்றே வரவழைக்கவும் முடியும். முகப்பின் மாற்றத்தில் மட்டும் அரை வினாடி தாமதத்தைச் சேர்த்தால் அது எப்போதும் கடைசியாக முடியும். எந்தக் கணினியிலும் வழு ஒவ்வொரு முறையும் வெளியே வரும். திருத்திய பிறகும் இந்தத் தாமதத்தோடு கூடிய சோதனையை அழிக்காமல் திட்டத்தோடு வைத்திருப்பது நல்லது. அறிவிக்காத மாறி, மறைக்கப்பட்ட மாறி, வார் பயன்பாடு ஆகியவற்றைக் கண்டுபிடிக்க இஎஸ்லின்ட் கருவியில் நோ-அன்டெஃப், நோ-ஷாடோ, நோ-வார் ஆகிய விதிகள் உள்ளன. இணைப்பு இல்லாத வேளையிலும் இது வேலை செய்யும் என்பதால், ஒருமுறை தரவிறக்கி வைத்துக்கொண்டால் போதும். ஆயினும் மொடியூலின் உச்சியில் முறையாக அறிவிக்கப்பட்ட தெரிவுகளை இந்த விதிகள் குறையாகக் காட்டமாட்டா. அந்த இடத்தை நாமேதான் வாசித்து, ஒவ்வொரு மாறியும் யாருக்குரியது என்று கேட்க வேண்டும்.

வழுவைத் திருத்திய பிறகு, பழைய பிளகின் எழுதிவைத்த பிழையான விடைகள் இன்னும் வன்தட்டில் கிடக்கின்றன. இந்த வேளையில் பலர், தரவிறக்கிய பொதிகள் இருக்கும் நோட்_மொடியூல்ஸ் கோப்புறை முழுவதையும், சிலவேளை அப்பொதிகளைத் தரவிறக்கும் கருவியான என்பிஎம்மின் சொந்தச் சேமிப்பையும் சேர்த்து அழித்துவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி தரவிறக்குகிறார்கள். டேட்டாவை அளந்து பயன்படுத்தும் ஒருவர் அப்படிச் செய்யத் தேவையில்லை. பெரும்பாலான கருவிகள் தம் கேஷை நோட்_மொடியூல்ஸுக்குள்ளேயே, புள்ளியோடு தொடங்கும் கேஷ் என்ற உள்கோப்புறையில் வைக்கின்றன. வீட் தன் பெயரில் புள்ளியோடு தொடங்கும் உள்கோப்புறையைப் பயன்படுத்துகிறது. அதை மட்டும் அழித்தால் போதும். பிளகினை மற்றவர்களும் பயன்படுத்துகிறார்கள் என்றால், அவர்களுடைய கணினியில் உள்ளதை நீங்கள் போய் அழிக்க முடியாது. அதற்காகத்தான் சாவிக்குள் பதிப்பு எண்ணையும் சேர்க்கச் சொன்னேன். திருத்திய பிளகினைப் பதிப்பு எண்ணை உயர்த்தி வெளியிட்டால், புதிய சாவி எந்தப் பழைய சாவியோடும் பொருந்தாது. பிழையான விடைகள் வன்தட்டில் கிடந்தாலும் அவற்றை யாரும் தேடி எடுக்கமாட்டார்கள். முதல் பில்ட் மட்டும் சற்று மெதுவாக ஓடி, இரண்டாவதிலிருந்து பழைய வேகம் திரும்பிவிடும்.